வெல்டிங் பழகுவதும் மெஷின் வாங்குவதும்: புதியவருக்கு முழுமையான வழிகாட்டி

பொழுதுபோக்காக வெல்டிங் பழக வருகிறவர்கள் பலரும் முதலில் மெஷினை வாங்கிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் வீட்டு மின் இணைப்பு தாங்குமா, எந்த ராடு (உருகி இணைப்பை நிரப்பும் பூச்சுக் கம்பி) வேண்டும், எதைத்தான் செய்யப் போகிறோம் என்ற கேள்விகள் வருகின்றன. சிலருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததில் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்று, வரிசை தவறுவது. இரண்டு, உருகிய இரும்பைப் பார்க்காமல் ஆர்க்கின், அதாவது ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்சாரத்தின் வெளிச்சத்தைப் பார்ப்பது. கண் பழகாதவரை கை பழகாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டையும் சரிசெய்வதற்காகத்தான்.

1. என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் நீங்கள் செய்ய நினைக்கும் நான்கைந்து பொருட்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன உலோகம், எத்தனை மி.மீ. தடிமன், வேலை வீட்டுக்குள்ளா வெளியிலா என்று குறியுங்கள்.

மெஷினைத் தீர்மானிப்பது இந்த மூன்று விவரங்கள்தான். 5 மி.மீ. ஆங்கிளில் (எல் வடிவ இரும்பில்) செடி ஸ்டாண்டு செய்பவருக்கு ஒரு மெஷின் போதும். 2 மி.மீ. சதுரக் குழாயில் மேசைக் கால் செய்பவர் அதே மெஷினில் கொஞ்சம் கஷ்டப்பட்டுச் சமாளிக்கலாம். காரின் 0.8 மி.மீ. தகட்டை ஒட்டுப்போட நினைப்பவருக்கு அது உதவவே உதவாது.

இதே தாளில் செய்யக் கூடாதவற்றையும் எழுதிவிடுங்கள். வண்டிச் சட்டம், ஸ்டியரிங் பாகங்கள், டிரெய்லர் கொக்கி, பளு தூக்கும் வளையம், ஊஞ்சல், மாடிக் கைப்பிடி, அழுத்தம் தாங்கும் கலன் எதுவும் வேண்டாம். வெல்டிங் வெளியே அழகாக இருந்தும் உள்ளே பிடிக்காமல் இருக்கலாம். அது முறிந்தால் ஆளுக்கு அடிபடும் என்ற இடத்தில் பழகுகிறவர் ராடு வைக்கக் கூடாது.

2. மின் இணைப்பைக் கணக்குப் பாருங்கள்

மெஷின் கடைக்குப் போகும் முன் முடிக்க வேண்டிய வேலை இது. நீங்கள் வெல்டிங் செய்யப் போகும் பிளக்கின் ஆம்பியர், அதற்கான பிரேக்கர், அங்கே வரும் ஒயரின் தடிமன் மூன்றையும் ஒரு மின் பணியாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

கணக்கு ஏறக்குறைய இப்படி. 2.5 மி.மீ. ராடு 80 ஆம்பியரில் எரியும்போது ஆர்க்கில் சுமார் 23 வோல்ட் இருக்கும். அதாவது ஆர்க் மட்டும் 1.8 கிலோவாட் வாங்குகிறது. இன்வெர்ட்டர் மெஷினின் (மின்னணு போர்டில் ஓடும் சிறிய வெல்டிங் மெஷின்) இழப்பையும், அது மின்சாரத்தைச் சீராக இழுக்காததையும் (பவர் ஃபேக்டர்) சேர்த்தால் 230 வோல்ட் இணைப்பிலிருந்து 13 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்கிவிடும். 3.15 மி.மீ. ராடை 120 ஆம்பியரில் எரித்தால் இழுவை 20 ஆம்பியரைத் தாண்டிவிடும். அதற்குத் தனி லைன் வேண்டும்.

இதிலிருந்து ஒன்று புரியும். சாதாரண பிளக் மட்டும்தான் இருக்கிறது என்றால் 250 ஆம்பியர் மெஷின் வாங்குவதில் பயனில்லை. 120 வோல்ட் இணைப்பு என்றால் நிலைமை இன்னும் இறுக்கம். அதே வேலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆம்பியர் இழுக்கும்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் தேவைப்பட்டால் தடிமனானதாக வாங்குங்கள். சுருளை முழுதாகப் பிரித்துப் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், சுற்றியபடி இருந்தால் உள்ளே சூடாகி உருகும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். மெஷினிலிருந்து வரும் எர்த் கிளாம்ப் வேறு, சுவர் பிளக்கில் இருக்கும் எர்த் வேறு. முதலாவது வெல்டிங் மின்சாரம் திரும்பி வரும் பாதை. இரண்டாவது மெஷினின் உடலில் கசிவு வந்தால் உங்களைக் காப்பது. கிளாம்ப் மாட்டியிருக்கிறதே என்று பிளக்கில் எர்த் இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

3. இடத்தைத் தயார் செய்யுங்கள்

தரை சிமெண்டாகவோ மண்ணாகவோ இருக்கட்டும். காய்ந்திருக்க வேண்டும். ஸ்டிக் மெஷின்களில் (ராடு வைத்து வெல்டிங் செய்பவை) ஆர்க் இல்லாதபோது ராடு முனையில் பெரும்பாலும் 60 முதல் 80 வோல்ட் நிற்கும். ஈரக் கையுறையும் ஈரத் தரையும் சேர்ந்தால் அது ஆபத்தான அளவு.

தீப்பொறி பல அடி உருண்டு ஓடும். மரத்தூள், பழைய துணி, பெயிண்ட் டப்பா, காய்ந்த இலை எல்லாம் அப்புறப்படுத்துங்கள். சுவர் இடுக்குகளையும் பாருங்கள், பொறி போய் ஒளிந்து புகைவது அங்கேதான். தீயணைப்பானோ ஒரு வாளி மணலோ கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புகை உங்கள் முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் போகும்படி உட்காருங்கள். குனிந்து நேர் மேலே தலையை வைப்பது புதியவர்களிடம் தினமும் பார்க்கும் தவறு.

4. மெஷினுக்கு முன் வாங்க வேண்டியவை

பணம் குறைவாக இருந்தால் மெஷினில் குறையுங்கள், ஹெல்மெட்டில் குறைக்காதீர்கள். நான் பழகிய காலத்தில் மலிவான கைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ராடு ஒட்டும்போதெல்லாம் அதை இறக்கி இறக்கிப் பார்த்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. நடு இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எரிச்சல். இமையைத் திறக்க முடியவில்லை. புற ஊதாக் கதிரால் வரும் ஆர்க் ஐ அது. சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்பதால் அந்த நேரத்தில் எச்சரிக்கையே கிடைக்காது.

தானாகக் கறுக்கும் ஹெல்மெட் புதியவருக்கு ஆடம்பரம் அல்ல. ராடு முனை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே ஆர்க் போட அதுதான் வழி. ஈ.என். 379, ஏ.என்.எஸ்.ஐ. இசட்87.1 போன்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட கண்ணாடி கறுக்காத நிலையிலும் புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்துக்கொண்டேதான் இருக்கும். 80 ஆம்பியர் வேலைக்கு ஷேடு (கண்ணாடி எவ்வளவு கறுக்கும் என்ற எண்) 10, 120 ஆம்பியரைத் தாண்டினால் 11 என்று தொடங்குங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதைக் கவனியுங்கள். ஒருவர் இரண்டு வாரமாகக் கோட்டை விட்டு விலகியே ராடு ஓட்டிக்கொண்டிருந்தார். கை நடுக்கம் என்று நினைத்தார். படிக்கும் கண்ணாடியைப் போட்டு அதன் மேல் ஹெல்மெட் போடச் சொன்னேன்; அன்றே கோட்டில் வந்துவிட்டார். ஹெல்மெட்டுக்குள் மாட்டும் உருப்பெருக்கி லென்ஸும் கிடைக்கிறது.

உடைக்குப் பருத்தியும் தோலும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நீளக் கை, மடிப்பில்லாத பேண்ட், மூடிய தோல் ஷூ. பேண்ட் ஷூவின் மேல் விழ வேண்டும், ஷூவுக்குள் போகக் கூடாது. சட்டைப் பையில் லைட்டர் வேண்டாம். ஹெல்மெட்டுக்கு உள்ளே சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் இருக்கட்டும். கசடு (ராடின் பூச்சு உருகி வெல்டிங் மேல் படியும் ஓடு) தட்டும்போது கண்ணில் தெறிப்பது ஆர்க்கைவிட அடிக்கடி நடப்பது.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மெஷின் பக்கம் போகக் கூடாது.

5. எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

ஸ்டிக் என்னும் ராடு வெல்டிங் காற்றடிக்கும் இடத்திலும் வேலை செய்யும். சிலிண்டர் தேவையில்லை. கொஞ்சம் துரு இருந்தாலும் பொறுக்கும். 3 மி.மீ. தடிமனுக்கு மேல் இதுதான் சுலபம். 2 மி.மீ. வரை பழகியவர் இறங்கலாம். அதற்குக் கீழே ஓட்டை விழும். ஆர்க்கைப் பிடித்து வைப்பதே முதலில் சிரமம் என்பதுதான் இதன் குறை. ஆனால் அந்தச் சிரமத்தில்தான் ஆர்க் நீளம், கோணம், வேகம் மூன்றும் தனித்தனியாகப் புரியும்.

மிக் மெஷினில் ஒயர் தானாக வரும். விசையை அழுத்தினால் போதும். 1 மி.மீ. தகட்டுக்கும் மெல்லிய குழாய்க்கும் இது நல்லது. கார்பன் டை ஆக்ஸைடோ, ஆர்கானுடன் கலந்த வாயுவோ வேண்டும். காற்று வீசினால் அந்த வாயு கலைந்து வெல்டிங் முழுக்கத் துளை விழும். முதல் நாளே அழகான ரன் (ஒரே ஓட்டத்தில் போடும் வெல்டிங் கோடு) வந்துவிடுவதால் ஒரு ஆபத்தும் உண்டு. அடியிரும்பு உருகாமலே மேலே ஒயர் படிந்து நிற்கும், பார்ப்பவருக்குத் தெரியாது.

வாயு இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் ஒயர் (உள்ளே பொடி நிறைத்த மிக் ஒயர்) இரண்டுக்கும் நடுவில் வருவது. வெளியில் வேலை செய்யலாம். பொறியும் புகையும் அதிகம்.

டிக் (உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரியும் முறை) மிக நுட்பமானது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் மெல்லிய தகட்டிலும் அழகு தரும். அலுமினியத்துக்கு ஏ.சி. வசதியுள்ள டிக் மெஷின் தேவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேலுள்ள ஆக்ஸைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஏ.சி. மின்சாரம் அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டே போகிறது. முதல் மெஷினாக டிக் வாங்க நான் சொல்ல மாட்டேன்.

என் கருத்து இதுதான்: உங்கள் தாளில் 2 மி.மீ. தடிமனும் அதற்கு மேலும் இருந்தால் ஸ்டிக். பெரும்பாலும் மெல்லிய தகடு, அதுவும் கூரைக்குள் என்றால் மிக். இரண்டும் கலந்திருந்தால் ஸ்டிக்கில் தொடங்குங்கள், செலவு குறைவு. பிறகு மிக்குக்குப் போகும்போது கண் தயாராக இருக்கும். கீழே வரும் பயிற்சிகள் ஸ்டிக்கை மனதில் வைத்தே எழுதியவை.

6. மெஷினின் தகட்டைப் படித்து வாங்குங்கள்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை விடுங்கள். மெஷினின் பின்னாலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் பாருங்கள். பெட்டியில் 200 அல்லது 250 என்று போட்டிருக்கும் சில மெஷின்களில், தகட்டைப் படித்தால் உண்மை அளவு குறைவாக இருக்கும்.

அதில் டியூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் இருக்கும். பத்து நிமிடத்தைக் கணக்காக வைத்துச் சொல்வது. 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஆர்க் எரியலாம், நான்கு நிமிடம் ஓய்வு. பொழுதுபோக்குக்கு 30 சதவீதம் கிடைத்தாலும் பெரும்பாலும் போதும், ஒரு 2.5 மி.மீ. ராடு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் கசடு தட்டுவது, பார்ப்பது, அடுத்ததை மாட்டுவது என்று நேரம் போகும்.

இன்வெர்ட்டரா, பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினா? டிரான்ஸ்ஃபார்மர் பல வருடம் உழைக்கும், ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும், பெரும்பாலானவை ஏ.சி. மட்டும் தருபவை, ஆர்க் போடுவது கடினம். இன்வெர்ட்டர் ஒரு கையில் தூக்கலாம், டி.சி. தரும், ஆர்க் அமைதியாக இருக்கும். ஹாட் ஸ்டார்ட், ஆன்டி ஸ்டிக் வசதிகள் ராடு ஒட்டுவதைக் குறைக்கும். பழகுகிறவர் இன்வெர்ட்டர் எடுப்பதே நல்லது. ஒரு நிபந்தனை: இரும்பைத் தேய்க்கும் ஆங்கிள் கிரைண்டரை அதன் பக்கத்தில் ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் விசிறி இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும், தூள் மின்சாரத்தைக் கடத்தும், போர்டு எரிந்துபோகும்.

ஒரு வீட்டுத் தேவைக்கு உண்மையான 140 முதல் 160 ஆம்பியர் தாராளம். கூடவே வரும் ஒயரின் நீளம், ராடைப் பிடிக்கும் ஹோல்டர், கிளாம்ப் மூன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். தகரம்போல் மெல்லிய கிளாம்ப் என்றால் மாற்றிவிடுங்கள், சின்னச் செலவில் பெரிய வித்தியாசம் தெரியும். பழுது பார்க்கும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

7. ராடும் மற்ற சாமான்களும்

2.5 மி.மீ. தடிமனில் 6013 ராடு ஒரு பெட்டி. முதல் சில மாதங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். முதல் இரண்டு இலக்கம் வலிமை; 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவிசை. 6013 ஏ.சி.யிலும் டி.சி.யிலும் எளிதாகப் பற்றும், கசடு சுலபமாக உரியும்.

7018 வலிமையானது என்று கேள்விப்பட்டு அதை முதலில் வாங்குகிறார்கள். அது ஈரம் படவே கூடாத ராடு. திறந்த பெட்டியை அடுப்பில் வைத்துக் காக்க வேண்டும். பாதி எரிந்த ராடை மறுபடி பற்றவைப்பதும் சிரமம். பிறகு பார்த்துக்கொள்ளலாம். 6013-ஐயும் காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

மற்றபடி, ஆங்கிள் கிரைண்டர், கசடு தட்டும் சுத்தியல், கம்பி பிரஷ், நான்கு சி கிளாம்ப், மூலைமட்டம், சூடான இரும்பைப் பிடிக்க இடுக்கி. கிரைண்டரின் காவல் தகட்டைக் கழற்றாதீர்கள். சக்கரத்தில் எழுதியிருக்கும் சுழற்சி வேகம் கிரைண்டரின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இந்த வேலையில் வெல்டிங் மெஷினைவிட கிரைண்டருக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

8. இரும்பைச் சுத்தம் செய்யுங்கள்

பழக 5 அல்லது 6 மி.மீ. தடிமன் பட்டை இரும்பு வாங்குங்கள். மெல்லிய துண்டுகள் சும்மா கிடைக்கின்றன என்று அதில் தொடங்குகிறார்கள். ஓட்டை விழ விழ ஆம்பியரைக் குறைக்கிறார்கள், குறைத்ததும் ராடு ஒட்டுகிறது. நாலே நாளில் வெறுத்துவிடுகிறது. தடித்த இரும்பு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

வெல்டிங் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலத்துக்குத் துரு, பெயிண்ட், எண்ணெய், கறுப்புப் படலம் எல்லாம் போகும்வரை கிரைண்டரால் தேய்த்து வெள்ளை இரும்பைக் காட்டுங்கள். கிளாம்ப் மாட்டும் இடத்திலும் தேய்க்க வேண்டும். ஆர்க் நிற்காமல் துடிக்கிறது, மெஷின் கெட்டுவிட்டது என்று அழைத்தவர்களிடம் போய்ப் பார்த்தால் பல சமயம் கிளாம்ப் பெயிண்டின் மேல் இருந்தது.

மூன்று எச்சரிக்கைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பைச் சூடாக்கினால் வரும் வெள்ளைப் புகை சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் தரும். பழகுவதற்கு அது வேண்டவே வேண்டாம். எண்ணெய் எடுக்க, குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தாதீர்கள்; ஆர்க்கின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் அதை ஃபோஸ்ஜீன் என்ற உயிர்கொல்லி வாயுவாக மாற்றும். பெட்ரோல், எண்ணெய், ரசாயனம் இருந்த டிரம்மையோ டாங்கையோ, காலியாக இருந்தாலும், கழுவியிருந்தாலும் தொடாதீர்கள். உள்ளே மிஞ்சிய ஆவி வெடிக்கும்.

9. ஆர்க் போடப் பழகுங்கள்

2.5 மி.மீ. 6013-க்கு 80 ஆம்பியரில் வையுங்கள். ராடு பெட்டியில் அச்சிட்ட எல்லையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பொதுவாக 60 முதல் 90 வரை இருக்கும்.

உட்கார்ந்து செய்யுங்கள். ஹோல்டர் ஒயரைத் தோளிலோ மடியிலோ போட்டு அதன் எடை கையில் விழாமல் பாருங்கள். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்குங்கள். மெஷினைப் போடாமலே ராடைக் கோட்டின் மேல் முழுதும் நகர்த்திப் பாருங்கள். பாதியில் முழங்கை எங்காவது இடித்தால் உட்காரும் இடத்தை மாற்ற வேண்டும்.

தீக்குச்சி உரசுவதுபோல் ராடு முனையை இரும்பில் உரசி, பற்றியதும் கொஞ்சம் தூக்கி உடனே இறக்குங்கள். ஒட்டிக்கொண்டால் பக்கவாட்டில் திருகி இழுங்கள். வராவிட்டால் ஹோல்டரை ராடிலிருந்து விடுவியுங்கள். ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு இழுக்காதீர்கள், விடுபடும் நொடியில் ஆர்க் அடிக்கும்.

பாதி எரிந்த ராடு மறுபடி பற்றாததற்கு ஒரு காரணம் உண்டு. முனையில் கண்ணாடிபோல் கசடு மூடியிருக்கும், அது மின்சாரத்தைக் கடத்தாது. சிமெண்ட் தரையில் மெல்லத் தட்டி உடைத்தால் பற்றும். ஓங்கித் தட்டினால் பூச்சு உதிர்ந்துவிடும்.

முதல் நாள் இவ்வளவு போதும். இருபது முப்பது தடவை ஆர்க் போட்டு, நினைத்த இடத்தில் பற்றவைக்கப் பழகுங்கள்.

10. குழம்பைப் பார்த்து ரன் ஓட்டுங்கள்

இந்த இடத்தில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் வீண் இல்லை.

சாக்குக் கட்டியால் கோடு போடுங்கள். ராடைக் கோட்டின் மேல் நேராக நிறுத்தி, போகும் திசைப் பக்கம் மேல் முனையை 15 டிகிரி போலச் சாயுங்கள். கசடு பின்னால் தள்ளப்பட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சாய்வு. வலது கைக்காரர்களுக்கு இடமிருந்து வலமாக இழுத்துப் போவது வசதி.

ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் தடிமன் அளவு இடைவெளி, அவ்வளவுதான். எண்ணெயில் பொரிவது போன்ற சீரான சத்தம் கேட்டால் அளவு சரி. சத்தம் உறுமி, பொறி சிதறினால் ஆர்க் நீண்டுவிட்டது. ராடு எரிந்து குறைந்துகொண்டே வருவதால் கை பக்கவாட்டில் போவதோடு கீழேயும் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இதை மறப்பதுதான் புதியவரின் ஆர்க் நீள்வதற்கு முதல் காரணம்.

இப்போது கண். ஆர்க்கின் வெள்ளைப் புள்ளியைப் பார்க்காதீர்கள். அதற்குச் சற்றுப் பின்னால், ராடின் அடியில் உருவாகும் சிறு குழம்பைப் பாருங்கள். உருகிய இரும்பு பளபளப்பாக, நீர்போல் ஓடும். அதன் மேல் கசடு சற்று மங்கலாக, தடிப்பாக, பின்னால் ஒதுங்கி நிற்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முதல் நாள் முடியாது. பத்துப் பதினைந்து ராடு எரித்த பிறகு திடீரென்று தெரியும். எல்லாம் ஒரே இருட்டாக இருந்தால் ஷேடை ஒரு எண் குறையுங்கள், இணைப்பின் மேல் ஒரு விளக்கைத் திருப்பி வையுங்கள், ஹெல்மெட்டின் வெளிக் கண்ணாடியைத் துடையுங்கள்.

வேகத்தைக் குழம்பே சொல்லும். அதன் அகலம் ராடு தடிமனைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு ஆகும்வரை காத்திருங்கள், பிறகு அந்த அகலம் மாறாமல் நகருங்கள். ஒரு முழு ராடுக்கு 15 முதல் 20 செ.மீ. வரை ரன் வந்தால் வேகம் ஏறக்குறைய சரி.

இதில் ஒரு நுணுக்கம். சின்னத் துண்டில் அடுத்தடுத்துப் பத்து ரன் ஓட்டினால் இரும்பு முழுக்கச் சூடேறி, குழம்பு தானாக அகலும். நீங்கள் தவறான வேகத்தைப் பழகிவிடுவீர்கள். மூன்று துண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒரு ரன் 60 ஆம்பியரில், ஒன்று 100-இல், ஒன்று வேண்டுமென்றே நீண்ட ஆர்க்கில், ஒன்று மிக வேகமாக. சாக்குக் கட்டியால் பக்கத்தில் எழுதிவையுங்கள். தவறான ரன் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் வேலை நடுவே அதை அடையாளம் காண முடியும்.

11. ரன்னைத் தட்டிப் படியுங்கள்

பாதுகாப்புக் கண்ணாடியோடு கசடைத் தட்டி, பிரஷ் போட்டுப் பாருங்கள்.

கயிறு ஒட்டவைத்ததுபோல் உயர்ந்து, ஓரம் உருளையாக நின்றால் ஆம்பியர் குறைவு, அடியிரும்பு உருகவில்லை. ஓரங்களில் பள்ளம் கீறியிருந்தால் ஆம்பியர் அதிகம் அல்லது ஆர்க் நீளம். மேலே சிறு சிறு துளைகள் என்றால் அழுக்கு, ஈரமான ராடு, நீண்ட ஆர்க் இந்த மூன்றில் ஒன்று. நடுவில் கசடு சிக்கியிருந்தால் சாய்வு தவறிக் கசடு முன்னால் ஓடியிருக்கிறது, அல்லது முந்தின ரன்னைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. மெல்லிசாக, அலைகள் கூர்மையாகப் பின்னால் நீண்டிருந்தால் வேகம் அதிகம்.

முடிக்கும் இடத்தில் பள்ளம் விழுவது பலருக்கும் உண்டு. ராடைச் சட்டென்று தூக்காமல் ஒரு நொடி நிறுத்தி, வந்த வழியே கொஞ்சம் பின்னுக்கு வந்து தூக்கினால் பள்ளம் நிறையும்.

12. இணைப்புகளை இந்த வரிசையில் பழகுங்கள்

முதலில் ஒரு பட்டையின் மேல் இன்னொன்றை நிறுத்தும் டி இணைப்பு. ராடு மூலைக்குள் 45 டிகிரியில் நுழைய வேண்டும். இரண்டு பக்கச் சுவரிலும் குழம்பு தொடுகிறதா என்று பாருங்கள். மூலை வெப்பத்தை அதிகம் உறிஞ்சும், 5 முதல் 10 ஆம்பியர் கூட்டலாம்.

அடுத்து ஒன்றின் மேல் ஒன்று படுக்கவைக்கும் இணைப்பு. மேல் பட்டையின் விளிம்பு சீக்கிரம் கரையும், ஆர்க்கைக் கீழ்ப் பட்டைப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள்.

மூன்றாவதாக விளிம்போடு விளிம்பு. 3 மி.மீ. வரை சும்மா சேர்க்கலாம். அதற்கு மேல் இரண்டு விளிம்பையும் 30 டிகிரி சரித்து, அடியில் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். சரிக்காமல் மேலே மட்டும் நிரப்பினால் பாதித் தடிமன் ஒட்டாமலே இருக்கும்.

2 மி.மீ. குழாய் இதற்கெல்லாம் பிறகு. இடைவெளி துளியும் இருக்கக் கூடாது. வெட்டும்போதே நேராக வெட்டி ராவிச் சேருங்கள். ஆம்பியரை 50, 60 என்று இறக்கி, நீள ரன் ஓட்டாமல் சின்னச் சின்னதாக இடம் மாற்றி மாற்றி வையுங்கள். செங்குத்து வெல்டிங்கைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள், வேலையைத் திருப்பிப் படுக்கவைத்துச் செய்ய முடிந்தால் அதுவே நல்லது.

13. நெளிவைக் கட்டுப்படுத்துங்கள்

வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்கும் பக்கம் இரும்பை இழுக்கும். ஒரு பக்கம் முழுக்க ஓட்டி முடித்துவிட்டுப் பார்த்தால் செங்கோணம் உள்பக்கம் மடங்கியிருக்கும்.

அதனால் சட்டம் முழுவதையும் முதலில் டாக் வைத்து, புள்ளி புள்ளியாகப் பிடிக்கவையுங்கள். டாக் வைத்ததும் மூலைமட்டம் வையுங்கள், இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சட்டத்தின் மூலைகள் செங்கோணம். தவறியிருந்தால் இப்போதே சுத்தியலால் தட்டித் திருத்தலாம். முழு வெல்டிங் போட்ட பிறகு முடியாது. ஓட்டும்போது எதிர் எதிர் மூலையாக மாற்றிப் போங்கள். கிளாம்பை ஆறும்வரை கழற்றாதீர்கள்.

14. உடைத்துப் பாருங்கள்

முதல் உண்மையான பொருளைச் செய்யும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். ஒரு டி இணைப்பை ஒரே பக்கம் மட்டும் ஓட்டுங்கள். ஆறிய பிறகு வைஸில் இறுக்கி, வெல்டிங் இல்லாத பக்கம் விரியும்படி, நிற்கும் பட்டையை வெல்டிங் இருக்கும் பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள்.

உடையாமல் வளைந்தால் நல்லது. உடைந்தால் முறிவைப் பாருங்கள். வெல்டிங்கின் நடுவே சொரசொரப்பாகச் சாம்பல் நிறத்தில் முறிந்திருந்தால் இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது. ஒரு பட்டையிலிருந்து மட்டும் மழமழவென்று உரிந்து வந்திருந்தால், கிரைண்டர் கோடுகள்கூட அப்படியே தெரிந்தால், அந்தப் பக்கம் உருகவே இல்லை. ஆம்பியரைக் கூட்டுங்கள், அல்லது குழம்பு அந்தச் சுவரைத் தொடும்வரை காத்திருங்கள்.

மிக்கில் பழகுகிறவர்கள் இந்தச் சோதனையை இரண்டு மடங்கு செய்ய வேண்டும். ஃபிளக்ஸ் ஒயர் போட்டவர்கள் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளையும் பாருங்கள். வாயுவோடு ஓடும் சாதாரண ஒயருக்கு டார்ச் (ஒயர் வெளிவரும் கைப்பிடி) பாசிட்டிவ்வில். வாயு இல்லாத ஃபிளக்ஸ் ஒயருக்குப் பொதுவாக நெகட்டிவ்வில். மாற்றிக் கொடுத்தால் பொறி பறக்கும், பிடிப்பு இருக்காது. மெஷினுக்குள் ஒயரைத் தள்ளும் உருளையை, ஒயர் நசுங்கும்படி இறுக்கவும் கூடாது.

15. முடித்துவிட்டுக் கிளம்பும்போது

மெஷினை உடனே அணைக்காமல் விசிறி சில நிமிடம் ஓடவிடுங்கள். ஹோல்டரிலிருந்து ராடை எடுத்துவிடுங்கள், மாட்டியபடி விட்டு அடுத்த முறை சுவிட்ச் போட்டால் அது எங்காவது பட்டு ஆர்க் அடிக்கும். சூடான துண்டுகளின் மேல் சாக்குக் கட்டியால் ‘சூடு’ என்று எழுதுங்கள். சிவப்பு மறைந்த இரும்பு பார்ப்பதற்கு ஆறிய இரும்புபோலவே இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் தொட்டுவிடுவார்கள்.

அப்புறம் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கூட்டுங்கள், ராடு டப்பாவை மூடுங்கள், அடுத்த நாளைக்கான இரும்பைத் தேய்த்து வையுங்கள். இடுக்கில் போன பொறி புகைந்து தீயாக அவ்வளவு நேரம் எடுக்கலாம். கடைசியாக ஒருமுறை மூலைகளை முகர்ந்து பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.